இரண்டாம் சனிக்கிழமையை எனக்கே திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்
(பழைய மாணவர்கள் வழக்கில் ‘நிறை சார்’),
நூலகத்துக்குப் பின் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: ‘எல்லோருக்கும் இயற்பியல்’ மாதாந்திர உரை – எனது இரண்டாம் சனிக்கிழமை மாலை லிஃப்ட் மெக்கானிக்குக்கு வழங்கப்பட்டது – திரும்பக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எனது இரு மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தங்கள் கூடத்தில் பொதுமக்களுக்கு இயற்பியல் உரை நிகழ்த்தி வந்தவன் நான். மூன்று பேர் வந்தாலும் முழு ஒரு மணி நேரம் பேசினேன். கண் அறுவை சிகிச்சைக்காக ஒரே ஒரு மாதம் வர இயலவில்லை. அன்று லிஃப்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கை, வந்தவர்களைச் சும்மா அனுப்ப வேண்டாம், ஏதாவது சொல்லுங்கள் என்று தாங்களே மேடையேற்றியதாக அறிகிறேன். அந்த ‘ஏதாவது’ இப்போது ஐந்தாவது மாதமாக நடக்கிறது.

2. அவர் உரை நாளில் வாசலில் ‘அரங்கு நிறைந்தது’ என்று அட்டை தொங்குகிறது. அப்படி ஓர் அட்டை நூலகத்தில் இருப்பதே எனக்கு இத்தனை ஆண்டுகளில் தெரியாது. தையல் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், என் பல் மருத்துவர் எல்லோரும் வருகிறார்கள். பல் மருத்துவரை நான் எட்டு முறை அழைத்தேன். எட்டு முறையும் அவருக்கு நேரமில்லை.

3. இருக்கை பிடித்து வைக்கக் கூடாது என்பது நூலக விதி. ஆனால் முதல் வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருகிறது என்று சொல்லிவிடுகிறார். நான் பின்னால் தூணோரம் நின்றபடி மூன்று மாதம் பார்த்துவிட்டேன், ஆள் வந்தபாடில்லை. அப்பெண்மணி என் மனைவி என்பதால் இப்புகாரை மென்மையாகக் கருதத் தேவையில்லை. என் உரைக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. கூப்பிட்டால், வீட்டில் கேட்பது போதாதா என்பார்.

4. கடந்த உரையின் பொருள், லிஃப்டில் மனித எடை. மெக்கானிக், எடை பார்க்கும் மெஷின் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்து, நான்கு நான்கு பேராக ஏற்றி இறக்கினார். மேலே கிளம்பும் நொடியில் என் மனைவியின் ஐம்பத்தெட்டு கிலோவை மெஷின் அறுபத்து மூன்று என்று காட்டியதாம். வெளியே வந்து கைகொட்டிச் சிரித்தார் என் மனைவி. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

பிறகு கூடத்தில் மெக்கானிக், கீழே கிளம்பும்போது எடை குறையும் என்றார். இருபத்தொன்பது ஆண்டுகள், ‘நிறை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எடை’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் அரை மதிப்பெண் குறைத்தவன் நான். அதனால்தான் எனக்கு அந்தப் பெயர். ‘எடை’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாக உயர்ந்தது. “எடை இல்லை, நிறைன்னு சொல்லணும்” என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்த பிறகே உறைத்தது. லிஃப்டில் மாறுவது எடைதான். நிறை எங்கு போனாலும் மாறாது. சரியாகச் சொன்னவரைத் தவறாகத் திருத்திவிட்டேன், அதுவும் நிறைந்த அரங்கின் முன்னிலையில்.

அவர் என்னைக் கேலி செய்திருந்தால் இம்மனுவில் அதையும் சேர்த்திருப்பேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு, “நிறை மாறாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. மூணு வருஷம் முன்னாடி, ஃபேன் ஓடாத அன்னைக்கு” என்றார். அன்று நான்கு பேர் வந்திருந்தனர். கடைசி வரிசையில் இருந்தவரை, லிஃப்ட் வேலைக்கு வந்து களைப்பாற உட்கார்ந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் என் உரைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கூடம் கை தட்டியது. அது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. விசாரித்துத் தெரிவிக்கவும்.

5. வீடு திரும்பும் வழியில் என் மனைவி, லிஃப்ட் தரை நம்மைத் தள்ளுவது ஏன் கூடுகிறது என்று எனக்கே விளக்கினார். ஒரு பிழையும் இல்லை. முழு மதிப்பெண் தரலாம். முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் நான் சொல்லி ஏறாதது மெக்கானிக் சொல்லி ஏறியிருக்கிறது. இது பொறாமை என்று தாங்கள் நினைத்தால், ஆம் ஐயா, பொறாமைதான்.

6. எனவே, (அ) இரண்டாம் சனிக்கிழமையை எனக்கே திருப்பித் தருமாறும், (ஆ) இயலாவிடில் அதே நாளில் முதல் இருபது நிமிடமாவது எனக்கு ஒதுக்குமாறும், (இ) எடை பார்க்கும் மெஷினை எனக்கும் ஒருமுறை தந்துதவுமாறும், (ஈ) பத்தி 3-இல் கண்ட கைப்பையை உடனே அகற்ற உத்தரவிடுமாறும் பணிந்து வேண்டுகிறேன்.

பிற்சேர்க்கை: மேற்கண்டவாறு எழுதி முடித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே போன நேரத்தில் என் மனைவி இம்மனுவைப் படித்துவிட்டார். கோபப்படவில்லை. பத்தி 3-இல் விரலை வைத்து, “அந்த நாற்காலி உங்களுக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். நீங்கதான் தூணைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க” என்றார். படியெடுத்த மனுவை மீண்டும் எழுதக் கை வலிக்கிறது. ஆகவே (அ), (ஆ), (இ) கோரிக்கைகள் அப்படியே நிற்க, (ஈ)-ஐ மட்டும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அந்தக் கைப்பையை எவரும் எடுக்காதபடி தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கண் சிகிச்சைக்குப் பின் எனக்கு நடை மெதுவாகிவிட்டது, வந்து சேர ஐந்து நிமிடம் பிந்தலாம்.

இடம்: வீட்டு முன்னறை
நாள்: முதல் சனிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
நிறை சார்