முன் வரிசையில் உன் வாப்பா

க்யிம்யிண்டைங், யாங்கோன்
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நியாஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி ஜஸீலா வீட்டாரும் நலம். நகோயாவில் நீயும் உடல் சுகத்தோடும் வேலையில் பரக்கத்தோடும் இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்துகிறேன். சீனாவிலிருந்து திரும்பியதுமே எழுத நினைத்தேன், உடம்பு விடவில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. கரண்ட் வருகிற நேரத்தில் தண்ணீர் ஏற்றி, சோறாக்கி, துணி தோய்ப்பதற்குள் அது போய்விடுகிறது, அப்புறம் எழுத வெளிச்சம் ஏது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் லைன் அறுந்துபோகிறது, அறாவிட்டால் நீ அழாதீங்க உம்மா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி ஜுல்ஃபிகர் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன், பாங்காக்கில் தபாலில் போடுவார். வேலைக்கு ஓடும் அவசரத்தில் பிரிக்காதே, உட்கார்ந்து படி.

நீ வர முடியாமல் போனதற்கு உன்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உன் வயதுப் பிள்ளைகளைப் படைக்குப் பிடிக்கிற காலத்தில் நீ இங்கே வரக்கூடாது, எங்களுக்கு ஜப்பான் விசா கிடைக்கவில்லை, நடுவில் சீனாவில் சந்திக்கலாம் என்று நீதான் அந்தப் பழைய ஊரைத் தேடிச் சொன்னாய். கடைசி நேரத்தில் ஜப்பானில் நீ தங்கும் அனுமதி அட்டை புதுப்பித்து வராவிட்டால் நீ என்ன செய்வாய். போக வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். வாப்பா ஒரே பிடியாக நின்றார். புள்ள பாக்க ஆசப்பட்ட ஊரு, நாமளாவது பாத்துட்டு வருவோம் என்றார். சரி என்று கிளம்பினோம். அந்தக் குளிரை என்ன சொல்ல, நம் ஊர் ஐஸ் வண்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாப்பா பேண்டுக்கு மேல் கைலியைக் கட்டிக்கொண்டு, காலுறைக்கு மேல் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், சிலர் போட்டோ கூட எடுத்தார்கள். கோட்டு வாங்குங்கள் என்றால் ஒரு நாளைக்கு எதுக்கு கோட்டு என்கிறார். தெருவெல்லாம் கருங்கல் பாவியிருக்கிறது, ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம் எடுத்தது. பத்தடி நடப்பேன், ஒரு கடைப் படியில் உட்காருவேன். ரோஜாப்பூ வைத்த பலகாரம் ஒன்றை எல்லாரும் சுடச்சுடத் தின்கிறார்கள், அதில் பன்றிக்கொழுப்பு இருக்குமோ என்ற பயத்தில் நாங்கள் மோந்து பார்த்ததோடு சரி. கோட்டை வாசலையும் பார்த்தோம், கோபுரத்தையும் பார்த்தோம். இதெல்லாம் நீ பக்கத்திலிருந்து காட்ட வேண்டியது, நாங்களே பார்த்து என்ன ஆகப்போகிறது.

மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்கு ஒரு சந்துக்குள் பள்ளிவாசல் தென்பட்டது. கூரை சீனக் கோயில் மாதிரி வளைந்திருந்தது, வாசலில் அரபு எழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய வெந்நீர் வைத்திருந்தார்கள், அதில் கையை வைத்தவள் எடுக்க மனமில்லாமல் நின்றேன். தொழுகை முடிந்ததும் முற்றத்தில் இறந்துபோன ஒருவரின் ஜனாஸாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். உன் வாப்பா சங்கதிதான் உனக்குத் தெரியுமே, யாருடைய ஜனாஸாவானாலும் தொழுகையில் நிற்காமல் வரமாட்டார், வரிசையில் இடைவெளி தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. நம் பள்ளியிலும் அப்படித்தான், எத்தனை பேரை நெருங்கி நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அங்கே முன் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் ஓராள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இவர் பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு, கைலியும் செருப்பு இல்லாத காலுறையுமாக நேரே போய் அந்த இடத்தில் நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் இவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு இவர் முழங்கையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்து நிறுத்திக்கொண்டார். தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பெண்கள் பக்கம் இருந்தேன். இறந்தவரின் மகள் என் அருகில் வந்து போனில் என்னவோ பேசினாள், போன் அதை பர்மிய மொழியில் சொன்னது. அந்த இடம் அவள் தம்பிக்காக விட்டதாம். எங்கோ வெளிநாட்டில் வேலையில் இருக்கிறானாம், வர முடியவில்லையாம், அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் நிற்க வேண்டாம் என்று அவள் தாய் சொல்லியிருந்தாளாம். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தாய் மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தாள், அழக்கூட இல்லை, களைத்துப்போய் உன் வாப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழுகை முடிந்து மய்யித்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே வந்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தபோதுதான் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவார், வெட்கப்படுவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் அப்படியே இருந்தார். இந்தா ரஹீமா, இதச் சொல்லத்தான் அவன நேர்ல பாக்கணும்னு இருந்தேன், போன்ல சொன்னா சண்ட புடிப்பான், நீ எழுதிரு என்றார். என்ன எழுத என்றேன். நான் மௌத்தாப் போனா அவன் வரக்கூடாது, பிளேன் ஏறவே கூடாது, ஏர்போர்ட்டுலயே புடிச்சிருவாங்க, எனக்கு மண்ணு போட வந்து அவன் மாட்டுனான்னா கபர்ல எனக்கு நிம்மதி கெடையாது என்றார். பெரியவாப்பா மகன் ரஹ்மத்துல்லா மண் போடட்டும், நீ அங்கே பள்ளியில், தூரத்தில் இருப்பவர்கள் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதால் போதும், அந்த இடத்தை யாருக்காகவும் காலியாக வைக்க வேண்டாம், யார் நின்றாலும் தொழுகை தொழுகைதான் என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார், குளிர் என்றார். நெஞ்சு மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுகிற மனுஷன் எதற்கு இதெல்லாம் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் வைத்தியர் போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் என் காதில் இருக்கிறது. இருதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டதாம். இதை உன்னிடம் மறைக்க எனக்கு இனி தெம்பில்லை.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நீ சரி என்று பதில் சொல்ல வேண்டும், சும்மா இருந்தால் அவர் தூங்கமாட்டார். எனக்கும் அதே பேச்சுதான், என் மௌத்துச் செய்தி கேட்டாலும் நீ கிளம்பாதே. ஆனால் எனக்கென்று சொல்ல ஒன்று இருக்கிறது. அட்டை கைக்கு வந்ததும் உடனே ஓர் ஊரைப் பார், எந்த நாடானாலும் சரி. இனி இந்தப் பயணமே வேண்டாம் என்று வரும் வழியில் சத்தியம் பண்ணினேன், அதை முறிப்பதற்கு ஈடாக நோன்பு பிடித்துக் கழித்துக்கொள்கிறேன். காலை இழுத்துக்கொண்டாவது அவரைக் கூட்டி வந்துவிடுவேன். தள்ளிப் போடாதே மகனே. எங்கள் மய்யித்தைப் பார்க்க வராதே, எங்களைப் பார்க்க வா.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, சூடு பெட்டியை எரியவிட்டுத் தூங்காதே, ஜஸீலாவுக்கு ஒரு வரியாவது எழுது, நீ அவளை மறந்துவிட்டாய் என்று குறைப்படுகிறாள். அல்லாஹ் உன் ஆயுளை நீளமாக்கி, ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் வைத்து, நம் மூவரையும் இந்த துனியாவில் உயிரோடிருக்கும்போதே ஒரு முறை சேர்த்து உட்கார வைப்பானாக, ஆமீன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உம்மா ரஹீமா