என் குரலில் கொடுத்த மன்னிப்பு

மாசாய்,
செவ்வாய்க்கிழமை.

மெல்பர்னில் படிக்கும் என் பேத்தி ஷாமளாவுக்குப் பாட்டி பேச்சியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்கிறாயா என்று தெரியவில்லை. போட்டுக்கொள்.

உன் தாத்தாவின் திதியன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் இல்லை, நான் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. உன் அம்மா வாசுகி. கூலாயிலிருந்து உன் மாமா மகேஸ்வரன், அவன் பெண்டாட்டி தனலெட்சுமி. லாபிஸிலிருந்து உன் தாத்தாவின் தம்பி சின்னத்தம்பி, காடி ஓட்டி அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அவன் மகன் செல்வா. கம்ப்யூட்டரும் கையுமாக நீ. பிறகு நான். உன் அப்பா ஹேமநாதன் சிங்கப்பூர் வேலை முடிந்து, பாலத்தில் ஜாமில் மாட்டி, இலை எடுத்த பிறகுதான் வந்தார். அவரை நான் சேர்க்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குப் பாட்டி கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள். நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் கை இன்னும் எழுத்தை மறக்கவில்லை. உன் அப்பா இதைச் சிங்கப்பூரில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒட்டித்தான் கொடுப்பேன்.

மாஸ்டர்ஸ் படிப்புக்குக் கடைசி புராஜெக்ட் எது என்று மாதக் கடைசிக்குள் புரொபசரிடம் சொல்ல வேண்டும், என்னைப் போலப் பேசும் மிஷின் செய்ய என் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று நீ நான்கு தடவை கேட்டுவிட்டாய். நான்கு தடவையும் பார்க்கலாம் என்றேன். உன் மாமா சொன்ன புராஜெக்டும் எனக்கு நினைவிருக்கிறது: எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையைப் படம் பிடித்தால் பழுத்ததா காயா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதைச் செய், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றான். நீ, “அது எல்லாரும் செஞ்சு முடிச்சிட்டாங்க மாமா, பாட்டியைத்தான் யாரும் செய்யல” என்றாய். அவன், “பாட்டிய செய்யறதுக்குப் புலிய செஞ்சிடலாம் லா” என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

லீவில் நீ வந்திருந்தபோது காலையில் கீரை ஆய்ந்துகொண்டே நான் பேசியதையெல்லாம் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்தாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இந்த வீட்டில் என்னிடம் உட்கார்ந்து ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்கிற ஆள் யார் இருக்கிறார்கள்? உன் அம்மா, “சொல்லிட்டீங்கம்மா, சொல்லிட்டீங்கம்மா” என்பாள். நீ ஒரு தடவையும் அப்படிச் சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

திதியன்று சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாய். தனலெட்சுமி நண்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டாள். அது என் குரலில், “இத்தன வருசமா தின்னியே, ஒரு நாளாவது அடுப்படிக்கு வந்து பாத்தியா?” என்றது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கே மிஷின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சின்னத்தம்பி எழுந்து வந்தான். நாற்காலியைப் பிடித்துப் பிடித்து வந்தான். நாற்பது வருடமாக நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். வருடா வருடம் திதிக்கு வருவான், இலை போடுவேன், சோறு வேண்டுமா என்று உன் அம்மாவை விட்டுத்தான் கேட்பேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, “அண்ணி, எம்மேல இன்னும் கோவமா இருக்கீங்களா?” என்று கேட்டான்.

அது, “அதெல்லாம் எப்பவோ போச்சு தம்பி. நீதானே உன் காடில ஏத்திட்டுப் போன, அது போதும். மனசுல ஒன்னும் வச்சுக்காத. சாப்ட்டியா?” என்றது.

சின்னத்தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். உன் அம்மா அழுதாள். மகேஸ்வரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அடுக்களை நிலைப்படியில் பாயசச் சட்டியோடு நின்றேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை, ஷாமளா. நீயும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் செல்வா போன் செய்தான். அவன் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்கிறார்களாம், உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டதாம். ஆனால் திதிக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நன்றாகத் தூங்குகிறாராம். “ஷாமளா அத முடிச்சதும் அப்பா போன்ல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கு பெரியம்மா, தினம் ஒரு தடவ உங்க குரல கேட்டா போதும்னு சொல்றாரு” என்றான். நல்ல பிள்ளை. அவனை நான் என்ன சொல்வது? சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன்.

ஏன் அது அப்படிச் சொன்னது என்று உன்னிடம் கேட்டேன். நீ மறைக்காமல் சொன்னாய்: நான் பேசியதை வைத்து, பேசாத இடத்தில் அதுவாக யூகிக்குமாம். யார் மனசும் நோகாமல், அன்பான பாட்டியாகப் பேச வேண்டும் என்று அதற்கு எழுதி வைத்தது நீதானாம். மாற்றவும் முடியுமாம். ஆனால் கோபமாகப் பேசினால் கேட்கிறவர்கள் மார்க் குறைத்துவிடுவார்களாம். “கோவப்படற பாட்டிய யாரு பாட்டி வீட்ல வச்சுக்குவாங்க?” என்று விளையாட்டாகக் கேட்டாய். அதைத்தான் நான் பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் படி. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் உன் தாத்தா செம்பனை வெட்டுகிறார். நீட்டுக் கழியில் கட்டிய அரிவாள் நழுவித் தொடையில் விழுந்துவிட்டது. தோட்டத்து லோரி டவுனுக்குப் போயிருந்தது. காடி வைத்திருந்தவன் சின்னத்தம்பி ஒருவன்தான். அந்த மாதம்தான் வாங்கிய டட்சன், சீட்டின் மேல் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் கழற்றவில்லை. நான் உன் தாத்தாவின் காலைச் சேலையால் இறுக்கிக்கொண்டு கத்துகிறேன். அவன் கொட்டகைக்குள் போய் உரச் சாக்கு தேடுகிறான். தேடி எடுத்து, தூசி போக உதறி, சீட்டில் விரித்து, ஓரத்தையெல்லாம் உள்ளே செருகிவிட்டு, அதற்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டான்.

அவர் பதறிவிட்டார் அம்மா, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டார் என்று உன் அம்மா சொல்வாள். பதறினவன் ஓரம் செருக மாட்டான்.

ஏற்றிக்கொண்டு போனானே, அது போதாதா என்பார்கள். மிஷினும் அதையேதான் சொன்னது. இத்தனை பேர் சொன்னதைத்தானே அதுவும் சொல்லும்.

இனி எழுதப்போவதை உன்னிடம் கீரை ஆயும்போது சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் தெரியாது. காடியில் உன் தாத்தாவின் தலை என் மடியில் இருந்தது. இரத்தம் சாக்கையும் மீறி இறங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். வெட்டுப்பட்ட காலை இரண்டு கையாலும் பிடித்துச் சீட்டில் படாமல் தூக்கிக்கொள்ளப் பார்த்தார். நான் கீழே வையுங்கள் என்கிறேன், கேட்கவில்லை. முன்னால் பார்த்து, “தம்பி, சீட்டுல பட்டுடுச்சுடா, கோவிச்சுக்காத” என்றார்.

சின்னத்தம்பி திரும்பாமலே, “பரவால்லண்ணே, கழுவிக்கலாம்” என்றான்.

அதற்குப் பிறகு உன் தாத்தா பேசவில்லை. சிகாமட் ஆஸ்பத்திரி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் காடியில் மன்னிப்பு கேட்டவர் அவர், கண்ணு. கொடுத்தவன் அவன்.

சின்னத்தம்பிக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சாக்குக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. இருக்கட்டும். இதை நீ மிஷினில் சேர்க்காதே. தெரியாமல்தான் அது அப்படிச் சொன்னது, அதன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்தால் என்ன சொல்லும் என்று கேட்கவும் எனக்கு மனசு இல்லை.

கையெழுத்துப் போட்ட காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்னையே புராஜெக்டாக எடுத்துக்கொள். செம்பனைக் குலையை வேறு பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். நான் போன பிறகு திதிக்கு என்ன சமைப்பது என்று உன் அம்மா கேட்டால் அது சொல்லட்டும். தனலெட்சுமி என் அம்மிக்கல்லைக் கேட்காமல் கூலாய்க்குத் தூக்கிக்கொண்டு போனாளே, அவள் வந்து கேட்டால் போனது போகட்டும் என்று சொல்லட்டும். என்னிடம் சொல்லாமல் வீட்டு வாசலில் இருந்த முருங்கையை வெட்டிய உன் அப்பாவுக்கும் அப்படியே. அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்க்காத உனக்கு நானே மன்னிப்பு கொடுத்தாகிவிட்டது, அதற்கு மிஷின் வேண்டாம். உன் இஷ்டப்படி எல்லாரையும் மன்னித்துக்கொள். ஒரே ஓர் ஆள் கேட்டால் மட்டும் அது வாயைத் திறக்கக் கூடாது. செல்வா கேட்டபடி அவன் அப்பா போனில் போட்டுக் கொடு, நலம் விசாரிக்கட்டும், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். இன்னும் கோவமா என்கிற அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கக் கூடாது. அதை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும். அதனால் மார்க் குறைந்தால் பாட்டிக்காகப் பொறுத்துக்கொள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் உன்னை விசாரித்தார். குளிரில் ரொம்ப நேரம் விழித்திருக்காதே. எடுத்த காரியம் உனக்குக் கைகூட வேண்டும் என்று உன் தாத்தா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் இதை ஒட்டுகிறேன். மவராசியா இரு.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
பாட்டி பேச்சியம்மாள்

கம்ப்யூட்டரில் எழுதி வைக்க அந்த ஆளின் பெயர் வேண்டியிருக்கும். சின்னத்தம்பி.