போர்டில் எழுதாத இடம்

ஏப்ரல் 19, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. காற்று துளி இல்லை. சாக்பீஸ் தீரப்போகிறது, ஆபீஸ் மேடத்திடம் கேட்க வேண்டும்.

வண்டூர் ஜெட்டி போர்டில், மீன் இருக்கும் இடம் இன்று: தென்மேற்கு, வெகு தூரம், சூரை. ஃபேக்ஸில் வந்தது அவ்வளவுதான். எழுதிவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அப்பாராவ். தெலுங்கர், இந்த ஜெட்டியில் பெரிய படகு அவருடையது.

"க்யா ஜெயா, இன்னைக்கும் காலியா வரணுமா? உன் போர்டைப் பாத்துப் போனா டீசல்தான் கதம் ஆகுது."

எத்தனை தரம் சொல்வது. இன்றும் சொன்னேன். மேலே சாட்டிலைட் கடலோட நிறத்தைப் பாக்குது. பச்சையா இருந்தா அங்க மிதவைப் பாசி. பாசி இருந்தா பொடிமீன், பொடிமீன் இருந்தா பெரிய மீன். இந்த வருஷம் தண்ணி சூடு, அடியில இருக்கிற சத்து மேலே ஏறவே இல்ல, பாசிக்கே சோறில்ல. நான் என்ன பண்ண?

"அந்த சாட்டிலைட்டுக்கு உன் வீட்டுக்காரன் மேல மட்டும் பியாரா?" என்றார்.

அங்கேதான் குத்தல். ஊரே வெறும் ஐஸ் பெட்டியோடு திரும்பும்போது என் வீட்டுக்காரர் டுங்கி என்கிற சின்னப் படகில் போய்க் கூடை நிறையக் கொண்டுவருகிறார். ஃபேக்ஸ் முதல்நாள் சாயங்காலமே டெய்ரி ஃபார்ம் பேட்டையில் இருக்கும் எங்கள் மீன் ஆபீஸுக்கு வந்துவிடும். என் கைப்பையில் பஸ் ஏறி வீட்டுக்கு வரும். அதனால் புருஷனுக்கு நல்ல இடத்தைச் சொல்லிவிட்டு ஊருக்குச் சக்கையை எழுதுகிறேனாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

உண்மை வேறு. இவர் அந்தக் காகிதத்தை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் உண்டு. இவர் வெண்ணெயே வேண்டாம் என்கிறார், நெய் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. பெண்டாட்டி கைப்பையில் கடல் வரைபடம் இருக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காத மீன்காரன் எங்காவது உண்டா? எனக்கு இடிக்கிறது.

ஏப்ரல் 20, செவ்வாய்

பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன். கால் வீக்கம். கேஸ் தீரும் போலிருக்கிறது.

போன மாத மீட்டிங்கில் மெயின்லேண்டு ஆட்கள் படகுக்காரர்களின் மொபைல் நம்பரை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்களே, அது எதற்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓட்டுக்காக இருக்கும். இவர் நம்பர் கொடுக்கவில்லை. மீட்டிங்குக்கே வரவில்லை.

இன்று இவர் கொண்டுவந்தது: கொடுவா நாலு. மடவை ஒரு கூடை. கொஞ்சம் இறால்.

குழம்பு கொதிக்கும்போதுதான் உறைத்தது. கொடுவாவும் மடவையும் வெளிக்கடல் மீனா? ஓடையிலும் சேற்றிலும் திரிகிறவை. நான் போர்டில் எழுதும் எந்த இடத்திலும் கிடைக்காது. லுங்கியை எடுத்துப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் களிமண். கடலுக்குப் போன மனுஷனுக்குக் களிமண் எங்கிருந்து?

"இன்னைக்கு எங்க போனீங்க?"

"கடலுக்கு."

"கடல்ல எங்க?"

"கடல்ல இடத்துக்கு இடம் பேரா எழுதி வச்சிருக்கு?" கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு தட்டில்.

என் சந்தேகங்கள்:

பொம்பளை சமாச்சாரம். (அந்தத் தொப்பையோடா? இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.)

அடுத்தவன் வலையில் கை வைப்பது. (அந்தத் தைரியம் கிடையாது.)

பார்க்.

கடைசியை மட்டும் அடிக்கோடிட்டேன். மரைன் பார்க்குக்குள் அலையாத்திக் காடு இருக்கிறது, களிமண் இருக்கிறது, இந்த மீன்களும் இருக்கும். அங்கே வலை போட்டு மாட்டினால் டுங்கியைப் பிடித்து வைத்துவிடுவார்கள். என் கான்ட்ராக்டும் போகும், புருஷன் பார்க்கில் திருடுகிறான், பெண்டாட்டி ஜெட்டியில் போர்டு எழுதுகிறாள் என்றால் எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 22, வியாழன்

நசீமாக்கா கடையில் தேத்தண்ணி. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த வாய், டீ என்று வருவதில்லை. அக்கா இன்னும் கிண்டல் செய்கிறார். ஜெட்டி முனையில் கடை. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு படகும் கயிறு அவிழ்க்காது.

"உன் மாப்ள வெளிக்கடல் பக்கமே போறதில்ல, தெரியுமா? கரையோரமாவே போய், நிலம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கே, அந்த மூக்குல திரும்பிடறாரு. மோட்டாரை வேற நிறுத்திட்டுத் துடுப்புப் போடுறாரு. நான் ஒண்ணும் சொல்லல புள்ள. கண்ணால பாத்ததைச் சொன்னேன்."

சொல்லாமல் சொல்லிவிட்டார். மோட்டாரை நிறுத்துகிறார் என்றால் சத்தம் கேட்கக்கூடாது என்றுதானே. மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் என்ன பயம்?

அந்த நேரம் பார்த்துப் பார்க் காவல்காரர் கடைக்கு வந்தார். பவளம் எல்லாம் வெளுத்துக்கொண்டு வருகிறது, சூட்டில் தண்ணீருக்குள் கால் வைக்க முடியவில்லை என்று டூரிஸ்ட் படகுக்காரர்களிடம் ஹிந்தியில் ஒரே புலம்பல். நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்? போன வாரம் சிரிக்கவில்லை.

வாங்க: அயோடின் (ஆபீஸுக்கு), சாக்பீஸ், எனக்குச் செருப்பு.

இவரிடம் நேராகக் கேட்டால் மழுப்புவார். ஞாயிற்றுக்கிழமை லீவு. பார்த்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 25, ஞாயிறு

பார்த்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கோயிலுக்குப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு டுங்கியைக் கிளப்பினார். நான் பழைய ரோட்டில் நடந்தேன். சுனாமியில் இந்தப் பக்கம் தரையே இறங்கிவிட்டது, தார் ரோடு நேராகத் தண்ணீருக்குள் போகிறது. அதற்கு அப்பால் முன்பு வயல். இப்போது வடியாத உப்புத்தண்ணீரும் மொட்டைத் தென்னையும்தான். இவர் அப்பாவின் வயலும் அதில்தான் போயிற்று. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தரம் விரலை நீட்டிக் காட்டினார். பிறகு அந்தப் பேச்சு எடுத்ததில்லை. வயல் போனபிறகுதான் டுங்கி வாங்கினார், மீன்காரர் ஆனார்.

தாழம்புதர் மறைவில் நின்றேன். டுங்கி ஒரு தென்னை மொட்டையில் கட்டியிருந்தது. இவர் இடுப்பளவு தண்ணீரில். கடல் வற்றுகிற நேரம். கையில் ஒரு கம்பு, காலால் தடவித் தடவி நேர்கோட்டில் நடக்கிறார். சட்டென்று திரும்புகிறார். மறுபடி நேர்கோடு. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தேன்.

பிறகு புரிந்தது. வரப்பு. தண்ணீருக்கடியில் வரப்பின் மேல் நடக்கிறார்.

வரப்பு முடிகிற இடத்தில், பழைய மடைவாயில், ஒரு துண்டு வலையைக் குறுக்கே கட்டினார். கடல் ஏறும்போது வயலுக்குள் மேய வந்த மீன் வற்றும்போது அந்த மடை வழியாகத்தானே வெளியே போகவேண்டும். கொஞ்ச நேரம்தான். வலை துள்ளியது. சின்னதை எல்லாம் எடுத்துத் திரும்ப உள்ளே விட்டார், நாற்றைப் பிடுங்காமல் விடுகிற மாதிரி.

பொம்பளை இல்லை, திருட்டு இல்லை, பார்க்கும் இல்லை. அப்பா வயலில் அறுப்பு. புதரடியில் உட்கார்ந்து அழுதேன். பாதி நிம்மதி. மீதி, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று.

ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. என் கைப்பைதான் காரணம். எனக்குத் தெரிந்தால் போர்டுக்கு வரும், போர்டுக்கு வந்தால் ஊர் வரும். இத்தனை நாள் கூட வாழ்ந்ததில் இவர் கண்ணில் பெண்டாட்டி படவில்லை, போர்டு எழுதுகிறவள்தான் பட்டிருக்கிறாள். கோபம் வந்தது. சந்தேகப்பட்டவள் நானாகவே இருக்கட்டும், எனக்குக் கோபம் வரக்கூடாதா?

இந்தக் கை சும்மா இருக்குமா. பையில் எப்போதும் ஆபீஸின் தண்ணீர் சாம்பிள் பாட்டில் கிடக்கும். மொண்டேன். பச்சைப்பயறு ஊறின தண்ணீர் நிறம். மூடியைக் காணோம், எங்கோ விழுந்திருக்கிறது. பாலித்தீன் கட்டி எடுத்துவந்தேன்.

சாயங்காலம் இவர், "கோயில்ல கூட்டமா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 26, திங்கள்

புழுக்கம். செருப்பு வாங்கவில்லை.

மேடம் மீட்டிங் போன நேரத்தில் பாட்டிலில் அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இந்தக் கோடையில் இப்படிப் பார்த்ததே இல்லை. சங்கிலி சங்கிலியாக, ஊசி ஊசியாக, கண்ணாடி முழுக்கப் பாசி. வெளிக்கடலில் பட்டினி. இங்கே முங்கின வயல் எருவையும் அழுகின அலையாத்தி இலையையும் தின்று கொழுத்துக் கிடக்கிறது.

மேடம் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரிக் குதிப்பார். பெரிய சயின்டிஸ்ட், ஆனால் நல்ல மனுஷி, கான்ட்ராக்ட் ஆளையும் வாங்க போங்க என்பவர். அவருக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

சிங்க்கில் கொட்டிவிட்டேன். பாட்டிலைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

இவராகச் சொல்லும்வரை நானும் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 28, புதன்

சாயங்கால ஃபேக்ஸ். இரண்டு தரம் படித்தேன். வண்டூருக்குப் பக்கம், கரையை ஒட்டி. அதே மூக்கு, அதே வளைவு. இவ்வளவு கிட்டத்தில் இதுவரை வந்ததே இல்லை. பாழாய்ப்போன சாட்டிலைட், அதற்குக் கண் அவிய.

மேடமும் முகத்தைச் சுளித்தார். "கரையோரத்துல சாட்டிலைட்டுக்குச் சேறும் ஒண்ணுதான், பாசியும் ஒண்ணுதான். ஜெயா, நீங்க அந்த ஊர்தானே? அங்க என்ன, கலங்கல் தண்ணியா? அப்படின்னா அந்த வரியை வெட்டிடறேன். பாவம், சும்மா எதுக்கு அலையவிடணும்."

போர்டில் நான் பொய் எழுதியதில்லை. ஊர் என்ன பேசினாலும் அந்த ஒன்றை வைத்துத்தான் ஜெட்டியில் நிமிர்ந்து நடந்தேன். அப்பாராவ் முகம் ஞாபகம் வந்தது. வெறும் பெட்டிகள் ஞாபகம் வந்தன. காலால் தடவித் தடவி நடந்ததும் ஞாபகம் வந்தது.

"சேறுதான் மேடம்."

பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான். கோடு போட்டபிறகு ஏன் என்னையே பார்த்தார்? தெரிந்திருக்குமோ? சிங்க்கில் பச்சை ஒட்டியிருந்ததோ? பஸ்ஸில் வழி முழுக்க இதே.

வீட்டில் இவர் மடவைக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தடவினேன். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 29, வியாழன்

போர்டில்: இன்று தகவல் இல்லை.

எழுதிவிட்டுத் திரும்பினால் ஜெட்டியில் ஒரு படகுகூட இல்லை. நசீமாக்கா ஓடிவந்தார். "விடியறதுக்கு முன்னாடியே எல்லாரும் கிளம்பிட்டாங்க புள்ள. போன்ல மெசேஜ் வந்துச்சாமே, பக்கத்துலயே மீனுன்னு."

மேடத்துக்குப் போன் போட்டேன். அதே சாட்டிலைட் தகவல், மெயின்லேண்டிலிருந்து நேராகப் படகுக்காரர்களுக்கே எஸ்எம்எஸ், நேற்று ஆரம்பமாம். "உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன் ஜெயா." அந்த மீட்டிங். அந்த நம்பர்கள். எதை எதையோ சந்தேகப்பட்டேன், அதைச் சரியாகச் சந்தேகப்படவில்லை.

பழைய ரோட்டுக்கு ஓடினேன். வயல் முழுக்கப் படகுகள். மோட்டார்கள் சேற்றைக் கலக்கி எறிகின்றன. நீள வலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுக்கிறார்கள், வரப்பு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். குஞ்சு குருமான் எல்லாம் வாரி வாரி. இவர் தார் ரோடு தண்ணீரில் இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே போகவில்லை. திரும்பிவிட்டேன்.

மத்தியானம் ஜெட்டியில் அப்பாராவ். ரொம்ப நாளைக்குப் பிறகு பெட்டி நிறைய மீன், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. எல்லார் முன்னாலும் போனை நீட்டினார். "மொபைல்ல இருக்கு. போர்டுல நஹி. சச் போல் ஜெயா, உண்மையச் சொல்லு, யாருக்காக மறைச்சே?" இத்தனை நாள் பொய்யாகச் சொன்னார். இன்று சரியாகச் சொல்கிறார்.

இவர் சாயங்காலம்தான் வந்தார். குளிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துப் படியில் வைத்தார். என் பாட்டில் மூடி.

"ஞாயித்துக்கிழமையே கெடைச்சிச்சு, தாழம்புதர்கிட்ட. நான் ஒண்ணும் கேக்கல. பாத்துட்டா, ஆனா வெளிய சொல்லமாட்டா, அப்படின்னு நினைச்சேன்."

"நான் சொல்லலைங்க. சத்தியமா சொல்லல. மேடம் கேட்டப்பகூடச் சேறுன்னுதான் சொன்னேன்."

"மெசேஜ் உங்க ஆபீஸ் மெசேஜ்தானே?"

"ஆமா. ஆனா…"

"நீ சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

விரலை மேலே காட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். சும்மா வானம். ஒரு காக்காய்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

இவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.