ரேடியோவில் முகம் தெரியாது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மகள் செல்விக்கு சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டியாக வேண்டும். நேற்று அவள்தான் கைப்பேசியில் இந்தப் பொத்தானைக் காட்டினாள். அழுத்திவிட்டுப் பேசினால் அது எழுதிக்கொள்ளுமாம். நான் பள்ளிக்கூடம் போகாதவன், அது எழுதுவதைப் படிக்கத் தெரியாது. செல்விக்குப் படிக்க நேரமில்லை. ஆகவே என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

முட்டை வாங்க வேண்டும். முழங்கால் தைலம். ரொட்டி.

இங்கே ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் இளவட்டங்கள் சேர்ந்து ரேடியோ நடத்துகிறார்கள். கைப்பேசியில்தான் கேட்க வேண்டும். ஞாயிறு காலை பல்சுவை நிகழ்ச்சி. பாட்டு, பேட்டி, கொஞ்சம் சிரிப்பு, நேயர் அழைப்பு. பாலோவில் இருக்கும் என் அக்கா பேச்சியம்மா விடாமல் கேட்பாள். அவள் சொல்லித்தான் நானும். போன வாரம் நேயர் அழைப்பில் பழைய ரப்பர் தோட்டத்துக் குரல்கள் செய்தேன். விடியற்காலை ஆட்கள் வரிசை நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்குப்பிள்ளை கிராணி, அவருக்கு மூக்கடைப்பு வேறு. சைக்கிளில் ரொட்டி விற்ற பாய். பாலோ ஸ்டேஷனில் மூச்சு வாங்கும் சரக்கு ரயில். ஒரு தடவை காதில் விழுந்த குரல் எனக்கு மறப்பதில்லை.

இன்று நிகழ்ச்சி நடத்தும் பெண்ணே கூப்பிட்டாள். பெயர் நித்யா. "தாத்தா, இந்த ஞாயிறு நேர்ல வந்து செய்றீங்களா? வெள்ளிக்கிழமை வந்து ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கலாம்." சரி என்றேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போ."

"ரேடியோக்கா. சட்ட யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க இருக்கிறவங்களுக்குக் கண்ணு இல்லியா? கைலியோட போய் நிக்காத."

ஜூலை 11, வெள்ளி

வெயில். பஸ் வரவே இல்லை, பாதி தூரம் நடை. மாடிப்படி செங்குத்து. முழங்கால் கத்தியது.

கதவைத் தட்டினேன். திறந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அக்குபஞ்சர் செபெலா" என்று மலாயில் பக்கத்துக் கதவைக் காட்டினாள். குரலிலேயே தெரிந்தது, நித்யா.

"அக்குபஞ்சருக்கு வரலம்மா. முனியாண்டி. கொரலு செய்ய வரச் சொன்னியே."

வாய் திறந்தபடி நின்றாள். உள்ளே மைக் மாட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தே விட்டான்.

"அலமாக்! தாத்தா, நீங்களா?"

எனக்குப் பழக்கம்தான். பெயர் முனியாண்டி, அப்பா பெயர் கருப்பையா, முகம் சீனன் முகம். கிளினிக்கில் பேர் கூப்பிட்டு நான் எழுந்தால் நர்ஸ் உட்காரச் சொல்லுவாள். அடையாள அட்டையை, ஐசியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி ஐசி. கோயிலுக்குப் புதிதாக வந்த குருக்கள் எனக்கு மட்டும் இங்கிலீஷில் விளக்கம் சொன்னார். சீனன் கடையில் அவர்கள் பாஷையில் பேசுவார்கள், நான் மலாயில் பதில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ரேடியோவில் இந்த வம்பெல்லாம் கிடையாது. போன வாரம் என் குரலைக் கேட்டவர்கள் எந்தத் தோட்டம் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

எல்லாக் குரலையும் ஒரு தடவை செய்து காட்டினேன். நித்யா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இந்த வாரத் தலைப்பு கலை, நாம் யார் என்பது, முன்பின் தெரியாதவரிடம் காட்டும் அன்பு. மூன்றும் சேர்த்து.

"உங்க கதை அப்படியே பொருந்துது தாத்தா. சீனக் குழந்தைய ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்திருக்கு, சரிதானே? குரல் எல்லாம் முடிஞ்சதும் கடைசியா ஒரு வரி, 'நான் பிறப்பால சீனன்'னு சொல்லுங்க. கேக்கிறவங்க ஆடிப்போயிருவாங்க."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழே கோப்பி. சீனி அதிகம்.

சாயங்காலம் செல்வி: "சொன்னா என்னப்பா? உங்களப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

பார்த்தால் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா சொல்லவில்லை. அம்மா சாகும்வரை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அம்மா முகம் எப்படி மாறும் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 12, சனி

மறுபடி மழை. அக்காவைக் கூப்பிட்டேன். முதலில் பூனை குட்டி போட்ட கதை, மூன்றாம் வீட்டுக்காரியோடு சண்டை. பிறகு நித்யா கேட்டதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"ஒன்ன எடுத்து வளத்தோம்னு யார்றா சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு? அப்பா கரிக்கட்ட. அம்மா செவப்பு. அதப் பத்தி யாராச்சும் ரேடியோவுல பேசுனாங்களா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பேச்ச நாளைக்கு எடுத்தின்னா என் வாசலுக்கு வராத. தம்பி இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

வைத்துவிட்டாள். இந்த வயது வரைக்கும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போனபின் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள். அவளுக்கு ஒரு பக்க இடுப்பு சாய்ந்திருப்பது என்னால்தான் என்பாள்.

நித்யா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "தாத்தா, அந்தக் கடைசி வரி மறந்துடாதீங்க லா." பதில் அனுப்பவில்லை. அவளுக்கு அது ஒரு வரி.

கோழிக் கறி. சாப்பிட முடியவில்லை. வெள்ளைச் சட்டையைச் செல்வி தேய்த்து வைத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். சீக்கிரமே போய்விட்டேன். தலையில் மாட்டும் கேட்பான் காதை அழுத்தியது.

கிராணி வந்தார், ரொட்டி பாய் வந்தார், ரயிலும் வந்து போனது. நித்யா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, முன்பின் தெரியாதவங்க உங்களுக்குச் செஞ்ச பெரிய நன்மை ஒண்ணு சொல்லுங்களேன்." கண்ணால் சாடை காட்டினாள். இதுதான் அந்த இடம்.

"அப்படி யாரும் இல்லம்மா. என்னை வளர்த்தது எங்கம்மா, எங்கக்கா. அவங்க எப்படி முன்பின் தெரியாதவங்க ஆவாங்க?"

"இல்ல தாத்தா, அதாவது நீங்க பிறந்தது..."

"பாலோதான். எங்கம்மா கூப்பிடுறதச் செய்யட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அம்மா குரலை நான் யார் முன்னாலும் செய்ததில்லை, செல்விக்குக்கூட. வெற்றிலை அடக்கிய வாய், கடைசியில் இழுக்கும் இழுப்பு. "ஏ பேச்சீ! தம்பிக்குப் பசிக்கும்டீ! தூக்கியாடீ!"

அவ்வளவுதான் செய்தேன். பாட்டுப் போட்டார்கள்.

நித்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபமில்லை. "சாரி தாத்தா. நான் அப்படிப் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாது." பிறகு மெதுவாக: "ரேடியோவுக்கு இல்ல, சும்மா கேக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சிக்க வேணாமா?"

பஸ்ஸில் ஸ்கூடாய் நெரிசல் முழுக்க அதே கேள்வி. வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலை ரொட்டியில் கை வைக்குமுன் அக்கா கூப்பிட்டாள்.

"நாளைக்கு வா. மீன் சொல்லி வச்சிருக்கேன்."

"ரேடியோ கேட்டியாக்கா?"

"கேட்டேன். அம்மா கொரல எடுக்க ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா? 'இந்தா வந்துட்டேன்மா'ன்னு எந்திரிச்சிட்டேன். அடுப்புல பால் பொங்கி ஊத்திருச்சு."

தைலம் தீர்ந்துவிட்டது. இன்றைக்காவது வாங்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

க்ளுவாங் வரை பஸ், அங்கிருந்து வாடகைக் கார். பாலோவில் கொளுத்தும் வெயில். மீன் கறி, கீரை. சாப்பிட்டோம். அக்கா தட்டு கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

"கர்பியூ காலம், காட்டுல கம்யூனிஸ்டு சண்ட, ஊரடங்கு. அம்மாவுக்கு ஒரு ஆம்பளப் பிள்ள பொறந்து தங்கல. மாரு நெறையப் பால். அந்த நேரத்துல ஒரு சீனத்தி ஒன்னக் கொண்டாந்தா. புருஷன் செத்துட்டான், வீட்டுல இன்னும் பிள்ளைங்க. அம்மா வாங்கிக்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா திருப்பிக் கேட்டு யாராச்சும் வருவாங்கன்னு பயம். 'என் வயித்துல பொறந்தவன்னுதான் சொல்லணும்'னு கோயில்ல வச்சு எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க. பேரும் அந்தக் கோயில் சாமி முனியாண்டி பேருதான் வச்சாங்க."

"அப்புறம் அவ வரலியா?"

"வந்தா. அம்மாதான் வரச் சொன்னது. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு ரயில்ல வருவா. 'பாவம்டீ, கண்ணுல காட்டிட்டு வா'ன்னு ஒன்ன எங்கிட்டக் குடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புவாங்க. பெஞ்சுல இந்த மூலையில நானு, அந்த மூலையில அவ. தொட மாட்டா. கிட்ட வர மாட்டா. பாத்துக்கிட்டே இருப்பா. அடுத்த ரயில்ல போயிருவா. நீ நடக்க ஆரம்பிச்சதும் வர்றத நிறுத்திட்டா."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் அவ ஒன்னத் தூக்கிட்டுப் போயிருவான்னு இறுக்கிப் பிடிப்பேன். வலி தாங்காம நீ அழுவ."

"இந்த வயசுல என்ன யாருக்கா தூக்குவா?"

"யாரு கண்டா. ரேடியோவெல்லாம் கூப்பிடுது."

இருவரும் சிரித்தோம். அவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. முகம் எப்படி என்றேன். ஒன்னாட்டம்தான் என்றாள்.

"எதாச்சும் பேசுவாளா?"

"எந்திரிக்கிறப்ப ஒன்னப் பாத்து ஒண்ணு சொல்லுவா. ஒரே வார்த்த. எப்பவும் அதேதான். என்னன்னு எனக்குத் தெரியாது."

"சொல்லிக் காட்டேன்."

"எனக்கு ஒன்னாட்டம் வராதுடா."

"வர்ற மாதிரி சொல்லு."

எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். கண்ணை மூடினாள். சொன்னாள். மெதுவாக, கொஞ்சம் மூக்கால், முடிவில் மேலே ஏறியது. உடனே தலையை ஆட்டினாள். இது இல்லை, இப்படி இல்லை என்றாள்.

இன்னொரு தடவை சொல்லு என்றேன்.