உன் வழக்கு முடிந்துவிட்டதாம், அக்கா

என் தலை நரைத்த பிறகும் என்னை "டேய் கண்ணு" என்று கூப்பிட்ட என் ராஜி அக்காவுக்கு,

போன வாரம் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா பெயரோடு சேர்த்து, முழுப் பெயர். எழுந்து நின்று "இருக்காங்க" என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் நம் வக்கீல் தேவி எழுந்துவிட்டாள். நீ இறந்துபோன செய்தியைச் சொல்லி, சான்றிதழை நீட்டினாள்.

இதை முகநூலில்தான் போடப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்கே தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

உன் வீட்டுக்காரர், நம் மாமா, இறந்த பிறகு அவர் ஓட்டிய பள்ளி வேனை நீ ஓட்ட ஆரம்பித்தாய். நம் ஊர் மாசாயில் காலையில் அந்த வெள்ளை வேன் வந்தால் தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், எல்லாம் "ராஜி ஆண்டி" என்று ஓடிவரும். யார் வீட்டுப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். உன் சீட்டுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின் எப்போதும் இருக்கும்.

காற்றில் அந்த ரசாயன வாடை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டயர் எரிகிற மாதிரி ஒரு நாள், அழுகின முட்டை மாதிரி இன்னொரு நாள். நாமும் புகார் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். அதிகாரிகள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் அந்தக் காலை. எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு நான் போக வேண்டாத நாள். "டேய், உடனே கிளினிக்குக்கு வா, பிள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க" என்று போன் செய்தாய். மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தால், வேனின் படியில் ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஒரு சின்னப் பெண் மயங்கிச் சரிந்து கிடக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். தோளிலேயே வாந்தி எடுத்தாள். கிளினிக்கில் அதற்கு முன்பே நிற்க இடமில்லை.

எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே சேர்த்துவிட்டு வெளியே வந்துதான் நீ கைப்பேசியை எடுத்தாய். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. உன் முகத்தை மட்டும் காட்டி, எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினாய்.

"எங்க காத்து சுத்தமா இருக்குன்னு சொல்ல வந்தவங்க முகக்கவசம் போட்டுக்கிட்டு வந்தாங்க. சுத்தமான காத்துக்கு எதுக்குங்க முகக்கவசம்? எங்க பிள்ளைங்க மூச்சு உங்களுக்கு அவ்வளவு மலிவா போச்சா?"

அவ்வளவுதான் பேசினாய். கெட்ட வார்த்தை ஒன்றில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. பாலோ ஊரிலிருக்கும் நம் சித்திகூடப் போன் செய்து, "ராஜி என்னம்மா இப்படிப் பேசிட்டா" என்றார். பெருமையில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சில நாளில் யாரோ உன்மேல் போலீஸில் ரிப்போர்ட் செய்தார்கள். பொய்த் தகவல் பரப்பி மக்களைப் பீதியடைய வைத்தாயாம்.

அவர்கள் உன்னைப் பிடித்த விதத்தை நீயேதான் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். மத்தியானம், பள்ளி விட்ட நேரம். வேன் நிறையப் பிள்ளைகள். போலீஸ் கார் வந்து நின்றதும் நீ இறங்கிப் போய், "சார், வர்றேன். ஆனா இந்தப் பிள்ளைங்கள யாரு வீட்டுல விடுறது?" என்று கேட்டிருக்கிறாய். அந்த இளம் அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க போங்க, நாங்க பின்னால வர்றோம்" என்றாராம்.

அப்படியே வீடு வீடாகப் போனீர்கள். முன்னால் உன் வேன், பின்னால் போலீஸ் கார். நீ நிறுத்தினால் அதுவும் நிற்கும். பிள்ளை கேட்டுக்குள் போகிறவரை நீ காத்திருப்பாய், அவர்களும் காத்திருப்பார்கள். "ஆண்டி, ஏன் போலீஸ் நம்ம பின்னாலயே வருது?" என்று ஒருத்தி கேட்டாளாம். "நமக்குப் பாதுகாப்புக்குடா செல்லம்" என்றாயாம்.

கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு வேன் காலியாக இருந்ததே, அப்போது என்ன நினைத்தாய்? அதை மட்டும் நீ சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அன்று உன்னை லாக்கப்பில் வைத்தார்கள். மறுநாள் ஜாமீனில் வெளியே வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்குப் பிள்ளைங்க எப்படிடா பள்ளிக்கூடம் போச்சுங்க?" கைப்பேசியை அவர்கள் எடுத்துக்கொண்டதால் பெற்றோர்களிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்றுதான் ராத்திரியெல்லாம் தவித்திருக்கிறாய்.

பிறகு சில பெற்றோர்கள் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு அம்மா கண் கலங்கி, "மன்னிச்சிருங்க அக்கா, வீட்டுக்காரருக்கு கவர்மெண்ட் வேலை லா" என்றார். நான் முணுமுணுத்ததற்கு நீ என்னைத்தான் திட்டினாய். "அவங்க வீட்டு அடுப்பும் எரியணும்ல? பயந்தவங்கமேல எனக்கென்ன கோபம்?"

தேவி உன்னை உட்கார வைத்து எல்லா வழியையும் சொன்னாள். "ஆண்டி, குற்றத்த ஒத்துக்கிட்டா அநேகமா அபராதத்தோட முடிஞ்சிரும். எதிர்த்து நின்னா இழுத்துக்கிட்டே போகும். ஜெயிலுக்கும் வாய்ப்பு இருக்கு."

நீ திருப்பிக் கேட்டாய். "நான் சொன்னது பொய்னு ஒத்துக்கிட்டா, அந்தப் பிள்ளைங்க வாந்தி எடுத்ததும் பொய்யாயிரும்ல, தேவி?"

அவள் ஃபைலை மூடிவிட்டு, "சரி, ஆண்டி. நிப்போம்" என்றாள்.

விசாரணைக்கு முன்பே நீ போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை, வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. இந்த வழக்குதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் முன்பிருந்தே இருந்தது, அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. நான் யாரைப் போய்க் கேட்பது, அக்கா?

சரி, நீதிமன்றத்துக்கு வருகிறேன். அரசுத் தரப்பு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நீதிபதி ஒரு பெண். சான்றிதழைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "தக்சியா" என்று மலாயில் மெல்ல ஆறுதல் சொன்னார். மனதார வந்த வார்த்தைதான். அப்புறம் குற்றச்சாட்டு ரத்து என்று சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து தேவியிடம் கேட்டேன். "அப்படின்னா அக்கா குற்றவாளி இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

"குற்றவாளின்னு இனிமே யாரும் சொல்ல முடியாது, அண்ணே." என்றாள். "ஆனா அவங்க சொன்னது உண்மைன்னும் யாரும் சொல்லப் போறதில்ல. சாட்சியே கேக்கலையே."

சாட்சி சொல்லத் தயாராக இருந்தவர்களும் அன்று வந்திருந்தார்கள், அக்கா. வழக்கு முடிந்துவிடும் என்று தெரிந்தே வந்திருந்தார்கள். உன் வேனில் வந்த பையன் ஒருவனின் அம்மா ரொஹானா, மலாயில் அக்கா என்ற பொருளில் நீ "காக்" என்று கூப்பிடுவாயே, அவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார். தேவி சொன்னதை மலாயில் நான் விளக்கினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் மகன் அன்னிக்கு என்ன பாடு பட்டான்னு சொல்லத்தானே வந்தேன்? இனி அத எங்க போய்ச் சொல்றது?"

அன்று வீட்டுக்குப் போய் அவரே முகநூலில் எழுதிப் போட்டுவிட்டார். தன் பெயரில், தன் படத்தோடு. மகன் வாந்தி எடுத்தது, நீ அவனைத் தாங்கிப் பிடித்தது, கிளினிக்கில் இடமில்லாமல் நின்றது, எல்லாம். நேற்று அவருக்குப் போலீஸிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வாக்குமூலம் கொடுக்க நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

இன்னொரு செய்தி. பள்ளி வேலியோரம் காற்றை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். உன் வீடியோ பரவிய பிறகுதான் வந்தது. பொய்க்கு யாராவது கருவி வைப்பார்களா? வாடை முழுசாகப் போகவில்லை. ஆனால் வந்தால் இப்போது ஆள் வந்து பார்க்கிறார்கள், அன்று பள்ளியையும் மூடச் சொல்கிறார்கள். வேனை நான் விற்கவில்லை. ரொஹானாவின் தங்கை லைசன்ஸ் எடுத்து ஓட்டுகிறாள். நின்றுபோன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்ப வந்துவிட்டார்கள். கவர்மெண்ட் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையும்தான்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இதை எழுதும்போதே சிங்கப்பூர் வேலை, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் கண்முன்னால் வருகிறது. ஆனால் அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நீதிமன்றத்தில் கூண்டு கிடைக்கவில்லை என்பதற்காக, எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமா?

நாளை லீவு போட்டிருக்கிறேன். ரொஹானாவை ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். தேவியும் வருகிறாள். அவர் உள்ளே இருக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னையும் கூப்பிட்டால் உள்ளே போவேன். நீ பேசியது பொய்யில்லை, நான் பார்த்தேன் என்று சொல்வேன். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வேன், அக்கா. இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன், உன் சாட்சி,
தம்பி சரவணன்
மாசாய்