என் தலைமேல் உன் இடது கை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். பாயில் நீ, தலைமாட்டில் நம் மாமியார், கற்பூரத் தட்டோடு எதிர்வீட்டுக் கன்னியம்மா, வாசற்படியில் என் வீட்டுக்காரர், சுவரோரம் மூன்று வயசு உன் மகள், காலடியில் மூத்த மருமகள் நான். உன் புருஷன் குவைத்து விசாவுக்காக மெட்ராசில் ஏஜென்ட் வாசலில் கிடந்தான்.

இன்று காலை பக்கத்து வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். இன்று மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அம்மன்மேல் எனக்குக் கோபமில்லை, தங்கச்சி. அவள் பேரைச் சொல்லி நாங்கள் செய்ததை நினைத்தால்தான் வாந்தி வருகிறது.

தடா பக்கத்துச் செருப்புக் கம்பெனியிலிருந்து நீ அம்மையோடு வந்தாய். முதல் தண்ணி ஊற்றிய மறுநாள் தலைவலி ஆரம்பித்தது. பால் வேண்டாமென்று தள்ளினாய். பொட்டலக் காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். பால் கணக்கு நோட்டில் ‘குடிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

“என் தலவலியும் அதுல எழுதிக்கோக்கா. மாசக் கடைசில கூட்டிப் பாக்கலாம்” என்று சிரித்தாய்.

எழுதினேன். நான்கு நாள், நான்கு வரி. மூன்றாம் நாள் வரியில் ‘வாந்தி, எல்லாம் ரெண்டாகத் தெரிகிறதாம்’ என்றிருக்கிறது.

வலி தாங்காமல் துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டாய். “கம்பெனி பஸ் ஏறப் போறவளாட்டம் தல கட்டிக்கினு ஒயிலு காட்டறா பாரு” என்றாள் மாமியார். டாக்டரிடம் போகலாமா என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். “அம்மா எறங்காம ஊசி போட்டா குடும்பமே நாசம்” என்றாள்.

நான்காம் நாள் உன் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. கன்னியம்மா உடனே கற்பூரம் ஏற்றினாள்.

“ஆத்தா வந்துட்டா! கேக்கறவங்க கேட்டுக்கோங்க!”

மாமியார் முந்தானை ஏந்தினாள். “தாயே, எம்புள்ளைக்கு விசா எப்ப வரும்? சொல்லு தாயே!”

மூளையில் ரத்தம் உறைந்துகொண்டிருந்தவளிடம் விசா கேட்டோம். இதைவிட அருவருப்பு இன்னொன்று உண்டு. நானும் கேட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் வயிறு திறக்காதவள், உன் காலைத் தொட்டு, “எனக்கொரு குழந்தை குடு தாயே” என்றேன். நீ இடது கையை நீட்டி என் தலையைப் பிடித்தாய். விரல்கள் மயிரோடு இறுகின. “வாக்குக் குடுத்துட்டா!” என்று கன்னியம்மா கத்தினாள். நான் அழுதேன், சந்தோஷத்தில்.

பிறகுதான் உனக்கு ஃபிட்ஸ் வந்தது. அப்போதுதான் ஆட்டோ. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் சொன்னார்: அம்மைக் கிருமியால் அபூர்வமாக இப்படி ஆகுமாம், ரத்தம் கெட்டியாகி மூளையின் ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாம்.

“எத்தனை நாளாத் தலவலி? முன்னாடியே கொண்டாந்திருந்தா உறையாம மருந்து குடுத்துப் பாத்திருக்கலாமே” என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “நேத்துலேர்ந்து சார்.”

நோட்டு என் பையில் இருந்தது.

இரண்டு நாளில் நீ போய்விட்டாய். “தீட்டோட பஸ்ல வந்தா, ஆத்தா தூக்கிக்கினா” என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். அடுத்த மாதம் விசா வந்தது. உன் புருஷன் மகளை என் மடியில் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனான். “பாத்தியா, ரெண்டு வாக்கும் பலிச்சிது” என்று கன்னியம்மா எனக்குச் சர்க்கரை கொடுத்தாள். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

உன் மகள் இப்போது திருப்பதியில் நர்சிங் மூன்றாம் வருஷம். என்னைத்தான் அம்மா என்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: “அம்மா, எங்க புக்ல இன்னிக்கு ஒண்ணு படிச்சேன். அம்மை போட்டவங்களுக்கு மூளைல ரத்தம் உறையுமாமே. என்னப் பெத்த அந்த அம்மாக்கு எத்தினி நாளாத் தலவலி இருந்துச்சு?”

பருப்பு கருகுகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டாம் தடவையும் பொய்.

சனிக்கிழமைதோறும் நாராயணவனம் கோயிலுக்குப் போகிறேன். குழந்தை கொடுத்ததற்கு நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை வளர்த்ததில் எனக்குக் குறை இல்லை. அவள் கிடைத்த விதம்தான் கையில் அழுக்காக ஒட்டியிருக்கிறது.

வரும் சனிக்கிழமை வருகிறாள். நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். நான்கு வரியையும் அவளே படிக்கட்டும். அதற்குப் பிறகு அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் சரி.

ஆனால் அந்த அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் கட்டாயம் கேட்பாள். அதற்கு என் நோட்டில் பதில் இல்லை. அன்று என் தலையைப் பிடித்தாயே, மகளைப் பார்த்துக்கொள் என்றாயா, என்னைத் தூக்கு என்றாயா?

சனிக்கிழமைக்குள் சொல்.