நான் அனுப்பிய மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ, அண்ணன், அண்ணி எல்லாரும் நலம்தானே? நான் இப்போது நலம். போனில் சொன்னால் என்னைப் பேசவிடாமல் அழுவாய், அதனால்தான் கடிதம்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுவதில் இடுப்பு விட்டுப்போகிறது. டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் வலி மாத்திரைதானே என்று, தினமும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடினேன். போன வாரம் வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாக இருந்தது. மறுநாள் தலை சுற்றி, இஸ்திரி போட்ட குவியல் மேலேயே சாய்ந்துவிட்டேன். "மகாராணிக்கு மெத்தை கேக்குதோ?" என்று துணி மடிக்கும் அக்கா இன்னும் கிண்டல் செய்கிறாள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது.

"வயசானவங்களுக்கு இன்னும் ஆபத்து" என்று அவர் சொன்னதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் மூட்டுவலிக்குப் பார்சலில் டப்பா டப்பாவாக நான் அனுப்பியதும் அதே மாத்திரைதானே! நீ வேறு தெருவுக்கே பங்கு வைத்திருக்கிறாய். எல்லாரிடமும் சொல்லி நிறுத்து. டாக்டரைக் கேட்காமல் இனி நீயும் தொடாதே.

வயிறு எரிகிறதா என்று உன்னைக் கேட்கமாட்டேன். "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். போன வாரம் முழுக்க நானும் அதைத்தானே உன்னிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனை அண்ணியிடம் கொடு.

யாராவது இங்கே வந்தால் உன் பழைய நூல் புடவை ஒன்று கொடுத்தனுப்பு, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ள. துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் மகள்